கோட்டை விட்டவர்கள்

ஊருக்குப் போனால் இரண்டு சமாசாரம் நிச்சயம். ஒன்று, ஒரு பை மல்லாட்டை. (பட்டணத்துக்காரர்களுக்கு: வேர்க்கடலை.) இன்னொன்று, ஒரு ரகசியம். யாராவது என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று ஆரம்பிப்பார்கள். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு வாய் கிடையாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. என் மானேஜருக்கும் அதே நம்பிக்கைதான்.

எங்கள் ஊர் பனமலை. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் ஓர் ஏரி, ஏரியோரம் ஒரு குன்று, குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். வயது ஆயிரத்து முந்நூறு. அங்கே சுவரில் ஓர் ஓவியம். தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்து ஒயிலாக நின்றபடி பார்வதி, சிவனின் நடனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டார். பார்க்கிறவள் மட்டும் பாக்கி.

போன வாரம் அந்தக் கோயில் படிக்கட்டில்தான் அண்ணன் மகன் என்னை மடக்கினான். பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம். ஐந்து செமஸ்டர் முடிந்து, ஆறாவது நடக்கிறது.

"சித்தப்பா, ஒரு மேட்டர்..."

"லவ்வா?"

"சேச்சே! அரியர்."

"எத்தனை?"

விரல்களைக் காட்டினான். ஒரு கை போதவில்லை.

ஏழு!

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மார்க் ஷீட்ல 'ஆர்.ஏ.'ன்னு போட்டிருக்கே, இன்னாடா அதுன்னு கேட்டாரு. 'ரெகுலர் அட்டெண்டன்ஸ்'னு சொல்லிட்டேன்."

'ரீ அப்பியர்', அதாவது 'மறுபடி வந்து எழுதித் தொலை' என்பதன் சுருக்கம்தான் ஆர்.ஏ. அண்ணனோ, "எம் புள்ள ஒரு நாள் கூட காலேஜுக்கு மட்டம் போடறதில்ல. மார்க் ஷீட்லயே ஏழு எடத்துல போட்டிருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிப்பு வந்தது. அடுத்து அவன் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது.

"இந்தத் தடவை எக்ஸாமே எழுதப் போறதில்ல சித்தப்பா. ஒரகடத்துல கான்ட்ராக்ட் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். நாளையிலேர்ந்து காலேஜையே நிறுத்திடலாம்னு இருக்கேன்."

அண்ணன் மல்லாட்டை விற்ற காசில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். பையன் டிகிரி வாங்கியதும் சென்னையில் ரூமுக்கு அட்வான்ஸ் கொடுக்க. எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறையின் முதல் டிகிரி அது.

"யுனிவர்சிட்டி ரூல்ஸ் புக்கைப் படிச்சிருக்கியா?"

"அது சிலபஸ்லயே இல்லியே சித்தப்பா!"

இதுதான் ஸார் கோளாறு. ஏழு பேப்பரில் ஃபெயிலாகும் அளவுக்குப் படித்தவன், ஃபெயிலானால் என்ன ஆகும் என்பதை மட்டும் படிக்கவில்லை.

அரியர் என்பது உண்மையில் நம் பல்கலைக்கழகங்கள் காட்டும் கருணை. அமெரிக்காவில் கட்டாயப் பாடம் ஒன்றில் ஃபெயிலானால், அதற்கு மறுபடி பணம் கட்டிப் பதிவு செய்து, முதல் நாளிலிருந்து வகுப்பில் உட்கார வேண்டும். இங்கே பரீட்சை ஃபீஸைக் கட்டி அந்தப் பேப்பரை மட்டும் எழுதினால் போதும். வகுப்பு பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் வழக்கமான கணக்கு இது: இன்டர்னல் 25, எழுத்துப் பரீட்சை 75. அந்த 75-க்கு 30 வேண்டும், மொத்தத்தில் 40 வேண்டும். ஏற்கெனவே வாங்கிய இன்டர்னல் மார்க் அப்படியே நிற்கும்.

ஆனால் வகுப்புக்கே வராதவன் கதை வேறு. அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதம் இருந்தால் ராஜா. 65-க்கு மேல் இருந்தால் 'கண்டொனேஷன் ஃபீஸ்' என்று ஓர் அபராதம். 50-க்கு மேல் என்றால் இந்தத் தடவை எழுத விடமாட்டார்கள், அடுத்த தடவை எழுதலாம். 50-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், தெரியாதவனை மன்னிப்பார்கள், வராதவனை மன்னிக்க மாட்டார்கள்!

"நீ காலேஜை நிறுத்தினா ஏழு பேப்பர் தீராதுடா. அதோட ஆறாவது செமஸ்டர் முழுசும் சேர்ந்துக்கும். கடனுக்கு பயந்து ஊரை விட்டு ஓடறவன், வீட்டையும் திறந்து போட்டுட்டு ஓடற மாதிரி."

பையன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எத்தனை வருஷம் வரைக்கும் எழுதலாம் சித்தப்பா?"

"யூ.ஜி.சி. 2015-ல சொன்னது, மூணு வருஷப் படிப்புன்னா அதுக்கு மேல ரெண்டு வருஷம். ரொம்ப விசேஷக் காரணம் இருந்தா இன்னும் ஒரு வருஷம்."

நடுநடுவே பல்கலைக்கழகங்களுக்கு மனசு இளகுவதும் உண்டு. 2021-ல் அண்ணா பல்கலைக்கழகம், 2001-02 காலத்து மாணவர்களைக் கூட 'வாங்க, வந்து எழுதுங்க' என்று கூப்பிட்டது. பேப்பருக்கான ஃபீஸ் போக 5,000 ரூபாய் கூடுதல். இருபது வருஷத்து அரியர்! அப்பாவும் பிள்ளையும் ஒரே பேனாவுக்குச் சண்டை போட்டிருப்பார்கள்.

"2020-ல மொத்தமா பாஸ் போட்டாங்களே?"

எல்லா அரியர்காரர்களுக்கும் இந்தச் சரித்திரம் மட்டும் தலைகீழ்ப் பாடம். கொரோனா சமயம், 2020 ஆகஸ்டில் முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி, கடைசி செமஸ்டரைத் தவிர மற்ற அரியர்களுக்கு ஃபீஸ் கட்டியிருந்தாலே பாஸ் என்று அறிவித்தார். அவரைத் தெய்வமாக்கி போஸ்டரெல்லாம் ஒட்டினார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பரீட்சை இல்லாமல் பாஸ் கிடையாது, நடத்துங்கள் என்று 2021-ல் கோர்ட் சொல்லிவிட்டது. போஸ்டர் ஒட்டிய பசை காய்ந்ததுதான் மிச்சம்.

கருணைக்கும் ஒரு விலை உண்டு. அரியர் வைத்தவனுக்கு ரேங்க் பட்டியலில் இடம் இருக்காது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல கம்பெனிகளின் முதல் கேள்வி, 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?' என்பதுதான். தள்ளிப் போட்டால் சிலபஸ் மாறிவிடும். அப்புறம் பழைய பாடத்துக்குப் புத்தகம் தேடி மூர் மார்க்கெட்டுக்கு அலைய வேண்டும்.

"ஆனா ராமானுஜனே ஃபெயில்தானே சித்தப்பா?" என்றான் பையன், கொஞ்சம் தெம்பாக.

ஃபெயில்தான். கும்பகோணத்தில் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை விட்டதில் ஸ்காலர்ஷிப் போனது. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1907-ல் மறுபடி எழுதினார். கணக்கில் பாஸ், மற்றதில் அவுட். அந்தக் காலத்தில் இந்த அரியர் சலுகை கிடையாது. மற்றது போனால் கணக்கும் போச்சு. 1910-ல் வேலை கேட்டு அவர் வந்து நின்றது எங்கே தெரியுமா? நம் பக்கத்துத் திருக்கோவிலூரில்தான். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்த வி.ராமசாமி ஐயர். அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் உட்கார வைப்பது பாவம் என்று சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகமே மாசம் 75 ரூபாய் கொடுத்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது. எஃப்.ஏ. மட்டும் கடைசி வரை அரியர்!

"அவர் ஃபெயிலானப்போ கையில கணக்கு நோட்டு இருந்தது. நீ ஃபெயிலானப்போ கையில என்னடா இருந்தது?"

பையன் செல்போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

எனக்கு மட்டும் பெரிய யோக்கியதையா? 1994-ல் நானும் இரண்டு பேப்பர் கோட்டை விட்டவன்தான். அது எனக்கும், தபால்காரருக்கும், தாளகிரீஸ்வரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அடுத்த வருஷம் எழுதிப் பாஸ் செய்தேன். அதை இவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அண்ணனுக்கு செஞ்சியில் வேலை. மூவரும் போனோம். ராஜகிரி தெரிகிற மாதிரி ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததும், பையன் பெஞ்சுக்குக் கீழே என் காலை மிதித்தான். நான் கோட்டையைக் காட்டி ஆரம்பித்தேன்.

"அண்ணே, இந்தக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப் தன் தளபதி சுல்ஃபிகர் கானை அனுப்பினார். 1690-ல முற்றுகை. உள்ளே சிவாஜியோட மகன் ராஜாராம். ஒரு தடவை, ரெண்டு தடவை... முடியல. நடுவுல வந்தவாசிக்கே பின்வாங்கிட்டார். மறுபடி வந்தார். எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எட்டு வருஷம்! 1698-லதான் கோட்டை கிடைச்சுது. அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார். ஆனாலும் கோட்டை கோட்டைதானே? விடாம எழுதி... அதாவது, விடாம முயற்சி பண்ணி..."

அண்ணன் டீயை ஆற்றியபடி கேட்டார். "தம்பி, துலுக்க ராஜா கதை இருக்கட்டும். இவன் எத்தினி பேப்பர்ல போயிட்டான்?"

பெஞ்சே ஆடியது.

"ஏழுப்பா" என்றான் பையன், டம்ளருக்குள்.

"மொத்தம் எத்தினி?"

"முப்பத்திரெண்டு."

"அப்ப இருவத்தஞ்சு பாஸு பண்ணிக்கிற. முப்பத்திரெண்டு மூட்டையில ஏழு மூட்டை சொத்தைன்னா, மீதியையும் ஏரியிலயா கொட்டுவாங்க? போனது போனதாவே இருக்கட்டும்டா. எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

பையன் பதில் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"ஃபீஸ் கட்ட கடைசி நாள் எப்போ?"

"வர்ற வெள்ளிக்கிழமைப்பா."

அண்ணன் மடியை அவிழ்த்தார். சென்னை ரூமுக்கு வைத்திருந்த காசிலிருந்து எண்ணிக் கொடுத்தார். "ரூம் எங்கியும் ஓடாது. காலேஜுக்கு ஒழுங்கா போ."

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, தெரிஞ்சுக்கிட்டேவா 'ரெகுலர் அட்டெண்டன்ஸ்'னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"அதைக் கேட்டாவது வெக்கப்பட்டு வந்து சொல்லுவான்னு பார்த்தேன்."

"எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலுல யுனிவர்சிட்டியிலேர்ந்து உன் பேருக்கு ஒரு கவர் வந்துச்சே, அதைத் தபால்காரர்கிட்ட கெஞ்சி வாங்கி, அப்பா கண்ணுல படாம உன் பொட்டியில சொருகுனது யாருன்னு நெனச்ச? அப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சோ, அப்படியே ஒரு வருஷமா இவன் மூஞ்சி இருக்கு."

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் மறுமதிப்பீடு கிடையாது.

மூன்று டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன். முப்பது வருஷத்துப் பாக்கி, ஸார்!