தட்டைப்பயறு இலையும் கீரைதான்

கேள்வி: ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறு இலையைக் கீரையாகச் சமைக்கிறார்களாமே? அதில் சத்து உண்டா?

பதில்: உண்டு. தட்டைப்பயறின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். கென்யாவில் அதன் கொழுந்து இலையை 'குண்டே' என்பார்கள். நம் பக்கம் களையென்று பிடுங்கி எறியும் நல்வேளையும், மணத்தக்காளி இனக் கீரையும் அங்கே விரும்பிச் சாப்பிடும் கறி. கசப்பு தெரியாமலிருக்கப் பால் ஊற்றி வேகவைத்து, மக்காச்சோளக் களியான 'உகாலி'யுடன் உண்பார்கள்.

களி வயிற்றை நிரப்பும். ஆனால் வெள்ளை மக்காச்சோளத்தில் வைட்டமின் ஏ சத்து அநேகமாக இல்லை, இரும்புச்சத்தும் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்வது இந்தக் கீரைகளே. வெள்ளையர் ஆட்சியில் முட்டைக்கோஸ் போன்றவை பரவியபின், இவை ஏழைகளின் உணவென்று ஒதுக்கப்பட்டன. கென்யப் பேராசிரியை மேரி அபுகுட்சா பல ஆண்டுகள் ஆய்வு செய்து இவற்றின் சத்தை எடுத்துக்காட்டினார். இன்று நைரோபியின் பெரிய கடைகளிலும் இவை விற்பனையாகின்றன.

தட்டைப்பயறு இலையைச் சமைப்போர் கவனிக்க:

* விதைத்த 3, 4 வாரங்களில் கொழுந்து இலைகளைப் பறிக்கலாம். செடிக்குச் சில இலைகளே போதும். மொட்டையடித்தால் காய்ப்பு குறையும்.

* அசுவினிக்கோ வேறு பூச்சிக்கோ மருந்தடித்த வயலில் பறிக்கவே கூடாது.

* சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் வைட்டமின் ஏ உடலில் சேரும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். வெந்த நீரைக் கொட்ட வேண்டாம்.

* ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் கீரையை மட்டும் நம்பி, மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டும் வேண்டும்.