கலர் அடித்த முடியும் வீட்டுக் குசினியும்



மூன்று மாதங்களுக்கு முன், விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரத்தில், உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் எம்மைத் தேடி வந்தாள். ஆசிரியர் அறையின் மூலையில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஸ்காஃபைச் சற்று விலக்கிக் காட்டினாள். சாச்சியின் மகளுடைய கலியாணத்துக்காக முடியை பிளீச் பண்ணிக் கலர் அடித்திருக்கிறாள். அன்றைக்கு எல்லோரும் வடிவு என்றார்களாம். மூன்று வாரத்தில் முன்பக்க முடி தும்பு போலாகி, சீப்பு வைத்தால் துண்டு துண்டாக உடையத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எம்மை இதை எழுத வைத்தது. கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோவை நம்பி, தேசிக்காய்ச் சாற்றையும் அப்பச்சோடாவையும் கலந்து தலையில் பூசிக்கொண்டு அரை மணிநேரம் வெயிலில் இருந்திருக்கிறாள். நெற்றியோரத் தோல் எரிந்து கருத்திருந்தது. முடி முன்பைவிட மோசம். "இயற்கையானதுதானே டீச்சர்?" என்று கேட்டாள்.

அவளை ஏசுவதற்கு ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நாம் ஏசவில்லை. ஏச எமக்கு முகமும் இல்லை. கலாசாலை விடுதியில் இருந்த காலத்தில் நாமும் நான்கு பேர் சேர்ந்து கடையில் ஒரு பேர்கண்டி பக்கெட் வாங்கி, வாளித் தண்ணீரில் தலை கழுவி, விடுதியின் வெள்ளைத் துவாயைப் பாழாக்கியவர்கள்தான். எமது முடி தப்பியது, அவளுடையது தப்பவில்லை.

அந்த "இயற்கையானதுதானே" என்ற கேள்வியைப் பற்றித்தான் இன்று கதைக்க வேண்டும். பெருநாள் வேறு நெருங்குகிறது.

முதலில் கலர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். விஞ்ஞானப் பாடத்தில் ஒட்சிசன் தயாரிக்கும் பரிசோதனையில் வருமே ஐதரசன் பேரொட்சைட்டு, அதுதான் சலூனிலும் இருக்கிறது. முடியின் மேற்பகுதியை ஓட்டுக் கூரைபோல ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள் மூடியிருக்கின்றன. அமோனியா போன்ற காரப்பொருள் அந்தச் செதில்களைக் கிளப்பிவிடுகிறது. பேரொட்சைட்டு உள்ளே போய்க் கறுப்பு நிறமியை அழிக்கிறது. அது நிறமியோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. முடிக்கு வலுக் கொடுக்கும் கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கிறது. முடியின் மேல் இயல்பாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படையும் போய்விடுகிறது. பிறகு அந்த முடி தண்ணீரைக் கண்டால் பஞ்சுபோல உறிஞ்சும், காயும்போது சொரசொரத்துச் சிக்கும். கறுப்பு முடியை மஞ்சளாக்க எவ்வளவு பிளீச் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எம்மவர்களின் முடியில்தான் அந்த வேலை கூடுதல்.

இப்போது யாருக்கும் கேட்கப் பிடிக்காத விடயம். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை, நகத்தைப் போல. வெட்டும்போது வலிக்காததும் அதனால்தான். உயிருள்ள இடத்தில்தான் காயம் ஆறும். ஆகவே உடைந்த முடியைப் பழையபடி ஆக்கும் இலையும் இல்லை, எண்ணெயும் இல்லை, ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் கிறீமும் இல்லை. வேரிலிருந்து புதிதாக வருவதுதான் நல்ல முடி. அது மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். 30 சென்ரிமீற்றர் முடி முழுதாக மாற இரண்டரை வருடம். அதுவரை மிச்சமிருப்பதை உடையாமல் காப்பாற்றுவதுதான் எம்மால் முடிந்தது. இயற்கைப் பொருட்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது, சிறிய வேலையும் இல்லை.

அதில் முதலிடம் தேங்காயெண்ணெய்க்கு. தென்னை முக்கோணத்தில் பிறந்த புத்தளத்தார் என்பதால் சொல்லவில்லை. 2003 இல் இந்தியாவில் செய்து வெளியிட்ட ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான், பிளீச் பண்ணிய முடியில்கூட. அதில் பாதியளவு இருக்கும் லோரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் இறங்குகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் முடி தண்ணீரைக் குடித்து வீங்குவது குறையும். ஒவ்வொரு முறையும் வீங்கிச் சுருங்கித்தான் முடி களைத்துப்போகிறது.

உம்மம்மா எமக்கு வியாழன் இரவில் எண்ணெய் வைத்து, வெள்ளி காலையில் தலை முழுகவைப்பார். ஜும்ஆ நாளுக்கான ஏற்பாடு அது. லோரிக் அமிலத்தை அவர் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் கழுவுவதற்கு முந்திய இரவு எண்ணெய் வைப்பதுதான் சரியான முறை. நாம் இப்போது மாற்றிச் செய்கிறோம். ஷம்பூ போட்டுக் கழுவி, காயவைத்து, பிறகு மினுக்கத்துக்கு எண்ணெய் தடவுகிறோம். அதிலும் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் கழுவும் நேரத்துச் சேதத்தை அது தடுக்காது. இரண்டு தேக்கரண்டி போதும். கழுத்துக்குக் கீழுள்ள முடிக்கும் நுனிக்கும்தான் அது தேவை. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

தேங்காய்ப்பால் பற்றியும் கேட்பீர்கள். ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்ட நாட்களையும் கண்டுவிட்டோம். கறிக்கு ஊற்றும் முதற்பாலைத் தலையில் ஊற்றச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. எண்ணெயே போதும்.

செவ்வரத்தை இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பும், ஊறவைத்த வெந்தயத்தை அரைத்தால் வரும் வழுவழுப்பும் முடியின் மேல் ஒரு படையாக நின்று சிக்கை இளக்கும். சிக்கெடுக்கும்போதுதான் பழுதான முடி அதிகம் உடைகிறது என்பதால் இது உண்மையான உதவி. கற்றாழையும் அப்படித்தான், வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் சதையை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் சிலருக்குக் கடியைக் கொடுக்கும். முட்டையை விடுங்கள். அதன் புரதம் முடிக்குள் போக முடியாத அளவு பெரியது. சுடுதண்ணீரில் கழுவினால் தலையிலேயே பொரியல் ஆகிவிடும். அனுபவித்தவர்கள் சொல்கிறோம்.

தேசிக்காய்க்கு வருவோம். அதன் சாறு கடுமையான புளிப்பு. தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் எரிந்து, கொப்புளித்து, மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். வெயிலோடு சேர்ந்தால் முடியின் நிறத்தையும் இன்னும் வெளுக்கச் செய்யும். அப்பச்சோடா எதிர்ப்பக்கம், காரம். செதில்களை மறுபடி கிளப்பிவிடும். இரண்டையும் கலந்தால் நுரைக்கும், அது பார்க்க அழகாக இருக்கும், வீடியோவுக்கு நல்லது. நுரை அடங்கிய பிறகு எது கூடுதலாகப் போட்டோமோ அது தலையில் மிஞ்சும். எமது மாணவிக்கு நடந்தது இதுதான். தேசிக்காய் மரத்தில் காய்த்தது என்பதற்காக அது தோலைச் சுடாமல் விடுமா?

மருதோன்றியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபா வெண்முடியோடு கொண்டுவரப்பட்டதும், அந்த நிறத்தை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபியவர்கள் சொன்னதும் எம்மில் பலர் அறிந்தது. நரைக்கு மருதோன்றி நல்லதென்பதில் எமக்குச் சந்தேகமில்லை. இலையிலுள்ள சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் முடி சற்றுத் தடித்ததுபோலவும் இருக்கும். ஆனால் பிளீச் பண்ணிய முடியில் அதைப் பூசினால் செம்மஞ்சள் நிறம் பளிச்சென்று ஏறும், பிறகு இலேசில் போகாது. அதோடு மருதோன்றி இலை கறுப்பு நிறம் தராது. கொடுப்பது செம்மஞ்சள், செம்பழுப்பு. "கறுப்பு மருதோன்றி" என்று கோனிலும் பக்கெட்டிலும் வருவதில் பெரும்பாலும் பீ.பீ.டீ. என்ற இரசாயனம் கலந்திருக்கும். முடிச்சாயத்தில் போடும் அதே பொருள். ஐரோப்பாவில் முடிச்சாயத்தில் அதற்கு 2 சதவீதம் என்ற எல்லை உண்டு, தோலில் நேரடியாகப் பூச அனுமதியே இல்லை. எமது பிள்ளைகளின் கையிலோ பெருநாள் இரவில் அளவே தெரியாமல் ஏறுகிறது.

இதில் பெரிய ஆபத்து பிறகுதான் வரும். சிறு வயதில் கறுப்புக் கோன் போட்டு ஒவ்வாமை உண்டான பிள்ளை, பத்து வருடம் கழித்துத் தலைக்கு டை அடிக்கும்போது முகம் வீங்கி, கண் மூடிப்போகலாம். மூச்சும் முட்டினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் கலராக இருந்தாலும் 48 மணிநேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லிப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். நாம் யாரும் வாசிப்பதில்லை.

அடுத்தது, வீடியோக்கள் எதிலும் வராத, எம்மவர்களுக்கு மட்டுமான ஒரு விடயம். காலை ஆறரைக்கு வான் வரும். ஐந்தரைக்குத் தலை கழுவி, ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு, மேலே ஸ்காஃபை இழுத்துக் கட்டி, பின்னேரம் வரை அப்படியே. பழுதான முடி ஈரமாக இருக்கும்போது றப்பர்போல இழுபட்டு அறுந்துவிடும். ஈரக் கொண்டை, வியர்வை, வழுக்கும் பொலியெஸ்டர் துணிக்காகக் குத்தும் ஊசிகள், நெற்றியோரத்தில் நாள் முழுக்க இழுவை. முன்முடி குறைகிறது என்று சொல்லும் சகோதரிகளில் எத்தனை பேருக்குக் காரணம் இந்தக் கொண்டையோ! ஹிஜாபில் குற்றமில்லை, நாம் கட்டும் விதத்தில்தான். பின்னேரம் கழுவுங்கள். காய்ந்த பிறகு தளர்வாகப் பின்னுங்கள், கொண்டையின் இடத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் ஊசியும் இறுக்கமும் குறையும். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, எந்த எண்ணெயைவிடவும் பலன் கூடுதல்.

தண்ணீரும் ஒரு காரணம். சுண்ணாம்புக்கல் பூமியில் இருக்கிறோம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது முடியிலும் படிகிறது. அதோடு தலைக்குச் சவர்க்காரம் போட்டால் பிசுபிசுவென்று நிற்கும். கடைசியாக ஒரு வாளி மழைத்தண்ணீரோ, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியோ ஊற்றிவிட்டால் முடி இளகும். தலைத்தோலில் புண் இருந்தால் வினாகிரி வேண்டாம்.

வீட்டிலிருந்து எண்ணெய் காய்ச்சி விற்கும் எமது சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் உழைப்பை மதிக்கிறோம், எம் வீட்டிலும் உங்களிடம் வாங்கிய போத்தல் இருக்கிறது. "ஏழு நாளில் பழுதான முடி பழையபடி" என்று மட்டும் எழுதாதீர்கள். என்னென்ன போட்டுக் காய்ச்சினீர்கள், எந்தத் திகதியில் என்று எழுதுங்கள். நல்ல எண்ணெய் அதற்காக விலைபோகாமல் இருக்காது.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னது, வெட்டிவிடு என்பதுதான். உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளைக்கு முடியில்லாவிட்டால் நாளைக்கு யார் வந்து கேட்பார்கள் என்றார். வீட்டுக்குப் போய் ஒரு மணிநேரம் கதைத்தோம். அவர் தனக்குத் தெரிந்த ஒரு மௌலவியாவிடமும் கேட்டுத் தெளிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை அவரே கத்தரிக்கோலை எடுத்துக் காதளவுக்கு வெட்டிவிட்டார். பிள்ளை அழவில்லையாம், உம்மாதான் அழுதாராம்.

இப்போது இரண்டு விரலளவு வளர்ந்திருக்கிறது. கறுப்பாக, வேரிலிருந்து. வியாழன் இரவு எண்ணெய் வைக்கிறாள். நேற்று உம்மா பாடசாலை வாசலில் எம்மைக் கண்டு, வளவு மரத்தில் ஆய்ந்த மருதோன்றி இலை ஒரு பை நிறையத் தந்தார். "கைக்குத்தான் டீச்சர், தலைக்கில்ல" என்று சிரித்துவிட்டுப் போனார்.