பாட்டரியைப் பழிக்குமுன்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பாவும் ஊடையும் பெற வந்த அங்கத்தினர் ஒருவர் தமது மின்சார சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். பாட்டரி போய்விட்டதென்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். புதியது வாங்கச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று கேட்டார். மனு எழுதுமுன் பழுது எங்கேயென்று பார்த்துவிடலாமே என்றோம். (காரியதரிசிக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சியில்லை, படிவம் முன்பே மேசைக்கு வந்துவிட்டது.)

சோதனை அவர் வீட்டிலேயே நடந்தது. சுவர் பிளக்கில் மேசை விளக்கு எரிந்தது. சார்ஜரின் சிறு விளக்கோ எரியவில்லை. விசைத்தறி மெக்கானிக்கிடம் இரவல் பெற்ற மல்டிமீட்டரைப் பாட்டரியின் முனைகளில், அவை ஒன்றையொன்று தொடாதவாறு, வைத்துப் பார்த்தோம். 31 வோல்ட் காட்டிற்று. 36 வோல்ட் லித்தியம் பாட்டரி நிறைந்திருக்கையில் 42 வோல்ட் காட்டும். ஏறத்தாழ 30-க்கு இறங்கினால் காலியென்று பொருள். ஆகவே பாட்டரி சாகவில்லை, பசித்துக் கிடந்தது. பழுது சார்ஜரில்.

பிளக்கு, சார்ஜர், ப்யூஸ், களிம்பேறிய முனைகள் ஆகிய யாவற்றையும் பார்த்த பின்னரே பாட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். 42 வோல்ட் காட்டியும் மேடேறும்போது வண்டி நின்றுவிடுமானால், வரிசையாக இணைந்துள்ள 10 கலத் தொகுதிகளுள் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கலாம். ஒன்றுமே காட்டாவிடில், உள்ளிருக்கும் காப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்திருக்கக்கூடும்.

அதற்குமேல் நம் கை செல்லலாகாது. காப்புச் சுற்றைத் தாண்டிக் கம்பி கொடுத்து "உயிர் கொடுப்பதை" வன்மையாகக் கண்டிக்கிறோம். ஈய அமிலப் பாட்டரியின் சார்ஜரை லித்தியத்திற்குப் பூட்டுவதும் அத்தகையதே. நூல் சிப்பமும் கீற்றுக் கூரையும் உள்ள வீட்டில் பாட்டரி பற்றிக்கொண்டால் தறியும் மிஞ்சாது. எனவே சார்ஜ் செய்வது நூலுக்கு எட்டத்தில், வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும். உப்பிய பாட்டரியைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். புகை கண்டால் தொடாமல் விலகி, தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். உழைத்து ஓய்ந்ததைக் குப்பையில் எறியாமல் தனியே ஒப்படைக்க வேண்டுமென்று 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு.

சங்கம் நூலுக்கும் கடனுக்குமே, சைக்கிள் பழுதுக்கு அன்று எனச் சிலர் கூறலாம். வேண்டாத பாட்டரிக்கு வாங்கிய கடனும் சங்கத்தின் ஏட்டில்தானே நிலுவையாக நிற்கப்போகிறது? சில நூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி அலுவலகத்தில் வைத்து, அங்கத்தினர்க்கு இரவல் தர ஒவ்வொரு சங்கமும் தீர்மானிக்க வேண்டுமென்பது நமது கருத்து. அந்த அங்கத்தினர் சார்ஜர் மட்டும் வாங்கினார். கடன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.