காணித் தரகரும் கற்க வேண்டும்

காணித் தரகு செய்ய வாயும் காலும் இருந்தால் போதும் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். மன்னாரில் கடையைப் பார்த்துக்கொண்டே பக்கத் தொழிலாகக் காணி பார்த்துக் கொடுக்கத் தொடங்கியபோது என்னிடம் இருந்த முதல் ஊரறிமுகம் மட்டுமே.

2011இல் நறுவிலிக்குளத்தில் ஒரு காணி விலைக்கு வந்தது. வாங்க வந்தது புத்தளத்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. காணிக்காரர் பழைய பத்திரமொன்றைக் காட்டினார். அரசாங்க முத்திரையைக் கண்டதும், "பயப்படாமல் எடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். முற்பணம் கைமாறியது. உறுதி எழுதப் போன இடத்தில் நொத்தாரிசு, "நானா, இது உறுதியில்லையே, பெர்மிட் அல்லவா?" என்றார். அதற்குள் முற்பணத்தில் பாதி செலவாகியிருந்தது. என் தரகுக் கூலியை அன்றே திருப்பிக் கொடுத்தேன். மிச்சத்தைத் தவணை தவணையாக வாங்கிக் கொடுத்து முடிக்க மூன்று வருடம் பிடித்தது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைச் சொந்தக் காணிபோல் விற்க முடியாது. பிரதேச செயலகத்தின் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. பத்திரத்தின் தலைப்பை நான் ஒருமுறை வாசித்திருந்தால் இந்த வில்லங்கமே வந்திராது.

"ஆளை ஆளோடு சேர்த்துவிடுவதே நமது வேலை, பத்திரம் பார்ப்பது நொத்தாரிசின் வேலை" என்று தரகர் சிலர் வாதிடுகிறார்கள். முற்பணம் கொடுபட்ட பிறகுதானே பெரும்பாலும் நொத்தாரிசிடம் போகிறோம்? அதற்கு முன் வாங்குபவர் நம்புவது தரகரின் வாயை. அந்த நம்பிக்கை அமானிதம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி வாங்கும் கூலி எப்படி மனதுக்கு ஒட்டும்?

ஒருமுறை கற்றதோடும் இது முடிவதில்லை. கரையோரத்தில் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். பக்கத்து வங்காலைப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமானது, 2010இல் ராம்சார் ஈரநிலமானது. அதன் எல்லை தெரியாமல் அப்பக்கம் காணி காட்டலாமா? அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரித்தில் ஆண்களுக்கிருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. "மூத்த மகன் சம்மதித்தால் போதும்" என்ற பழைய பேச்சு இனி எடுபடாது.

மனதை அறுக்கும் விடயம் இன்னொன்றுண்டு. பத்து வருடம் ஆண்டவருக்கே காணி என்ற ஆட்சியுரிமை விதியால் இடம்பெயர்ந்தோர் காணி இழக்காதிருக்க 2016இல் விசேட சட்டமொன்று வந்தது. யுத்த வருடங்களைக் கணக்கிலிருந்து கழிக்க அது வழி செய்தது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசமே தந்தது. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை தரகர் அதை அறிந்து ஊராருக்குச் சொன்னோம்? நான் சொல்லவில்லை. எனக்கே பிந்தித்தான் தெரிந்தது.

இப்போது எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். பத்திரத்தை முழுதாக வாசிப்பேன். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடுவிப்பேன். அனுமதிப்பத்திரமென்றால் முதலில் பிரதேச செயலகம். நில அளவையாளரின் வரைபடத்தோடு காணியை நடந்து பார்ப்பேன். இவை முடியும்வரை முற்பணம் கொடுக்க விடமாட்டேன். விளங்காததை, வயதில் என் மகனைப் போன்ற உத்தியோகத்தரிடமும் கூச்சமின்றிக் கேட்பேன்.

இதனால் சில வியாபாரம் கைநழுவியதுண்டு. ஆனாலும் அந்தப் புத்தளத்துக் குடும்பம் பின்னர் வேறு காணி வாங்கியபோது, பத்திரத்தை முதலில் என்னிடமே கொண்டுவந்தது. இந்தத் தொழிலில் அதைவிட வேறு என்ன இலாபம் வேண்டும்?