பென்ட்ரி கபேட்டுக்குப் பின்னால் இருக்கும் வயர்



போன நோன்புப் பெருநாளைக்கு இரண்டு நாளைக்கு முந்தி, எங்கள் குடும்பத்து ராத்தா ஒருவரின் குசினியில் மீன் வாடை அடித்தது. முந்தலில் மீன் வாடை வந்தால் யார் தேடப் போகிறார்கள்? களப்புக் காற்று என்று விட்டுவிட்டார்கள். ராத்தா ஓடர் கேக்குகளை ஒவ்வொன்றாக ஓவனில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கேக் வேகும்போது கரண்ட் போனது. கபேட்டில் இருந்து ஓவனை வெளியே இழுத்துப் பார்த்தால், பிளக் பேஸ் உருகி, பின்பலகை கருகிக் கிடந்தது. அந்த வாடை மீனுடையது அல்ல. அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய பிளக் பேஸும் அப்படித்தான் மணக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் ஓவனைத்தான் ஏசினார்கள். ஓவனில் பிழை இல்லை. பிழை நம்மிடம்.

ஒரு சின்னக் கணக்கு. கபேட்டுக்குள் பூட்டும் ஓவன் ஒன்று 3000 வாட் என்று வையுங்கள். நம் கரண்ட் 230 வோல்ட். வகுத்தால் 13 ஆம்பியர். அதாவது ஒரு பிளக் பேஸ் தாங்கக்கூடிய முழு அளவையும் ஓவன் ஒன்றே எடுக்கிறது. அதே லைனில் கேத்தலும் பிரிட்ஜும் இருந்தால் வயர் என்ன செய்யும்? 30 ஆம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கே மொத்தம் 6900 வாட்தான். ஓவன், கேத்தல், அயன், தண்ணி மோட்டர் நான்கும் ஒன்றாக ஓடினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். 15 ஆம்பியர் வீட்டில் ஓவன் ஒன்றே கிட்டத்தட்ட முழுவதையும் எடுத்துவிடும்.

ஆகவே ஓவனுக்கு மெயின் போர்டில் இருந்து தனி லைன் வேண்டும், தனி பிரேக்கர் வேண்டும். வயர் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஓவன் 3000 வாட்டைத் தாண்டினால் பிளக்கை மறந்துவிட்டு, 4 அல்லது 6 வயரில் நேரடி இணைப்பு. எது என்பதை ஓவனோடு வரும் புத்தகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஓவனை நிறுத்தும் சுவிட்ச் அதற்குப் பின்னால் அல்ல, பக்கத்தில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஏர்த் கட்டாயம். நம் உப்புக் காற்றில் ஏர்த் கம்பியின் கிளிப் துருப்பிடித்துவிடும். அதையும் இடைக்கிடை பார்க்க வேண்டும்.

இன்னொரு பிழையான நம்பிக்கை: "ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்லை." ட்ரிப் சுவிட்ச் காப்பது ஷொக்கில் இருந்து. வயர் சூடேறினால் அது விழாது. அதற்குத்தான் பிரேக்கர். மெல்லிய வயருக்குப் பெரிய பிரேக்கர் போட்டால் அதுவும் விழாது, வயர்தான் எரியும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ட்ரிப் சுவிட்சையே கழற்றி விடுகிறவர்களுக்கு என்ன சொல்வது!

எனக்கு உள்ள பெரிய மனவருத்தம் இதுதான். வெளிநாட்டில் உழைத்த காசில் லட்சக்கணக்கில் பென்ட்ரி அடிக்கிறோம். கதவின் நிறத்துக்கு மூன்று நாள் யோசிக்கிறோம். வயருக்கு வந்ததும் "இருக்கிற லைனில் கொடுங்க பாஸ்" என்கிறோம். அந்த முடிவை எடுப்பது ஆண்கள். ஈரக் கையோடு அந்த ஓவன் முன்னால் நிற்பது உம்மாவும் ராத்தாவும். அவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை.

வசதி இல்லாதவர்கள் பெரிய ஓவனுக்கு ஆசைப்பட வேண்டாம். மேசையில் வைக்கும் சிறிய ஓவன் போதும். வயர் கோட் இல்லாமல் நேரே பிளக் பேஸில் கொடுங்கள். கேத்தலை அந்த நேரம் போடாதீர்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் ஓவனை நிறுத்திவிடுங்கள்.

வயரிங் செய்ய வருபவரிடம் என்விகியூ சான்றிதழ் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை. உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கரண்ட் போனால் சந்தோசம், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். போகவில்லை என்றால் நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

கேக் ஓடர் எடுக்கும் சகோதரிகளுக்கு இதைக் காட்டுங்கள். அவர்கள் வீட்டு ஆண்களுக்கு முதலில் காட்டுங்கள்.