எல்டன் ரிங்: துணைக்கு ஆள் கூப்பிட்டு ஜெயிச்சா அது வெற்றி இல்லையா?

மலேனியா என்ற பெயரைக் கேட்டாலே ‘எல்டன் ரிங்’ ஆடியவர்களுக்கு உள்ளங்கை லேசாக வியர்க்கும். ஆட்டத்தின் பிற்பகுதியில், தேடிப் போனால் மட்டுமே சிக்கும் பாஸ் இவர். அவருடைய வாள் ஒவ்வொரு முறை படும்போதும் அவருடைய உயிர் கொஞ்சம் ஏறும். கேடயத்தில் தடுத்தாலும் ஏறும். அவரிடம் ஐம்பது, அறுபது முறை தோற்று, ஒருவழியாக வீழ்த்திய ஒருவர் அந்த ஸ்கிரீன்ஷாட்டை நண்பர்கள் குரூப்பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாழ்த்துக்கு முன்னால் கேள்விதான் வரும்: “சம்மன் போட்டியா?” ஆமாம் என்றால் கதை முடிந்தது. “அப்போ அது கணக்குல வராது மச்சி.”

கோர்ட் சம்மன் இல்லை இது. ‘ஸ்பிரிட் ஆஷ்’ என்ற பொருளைப் பயன்படுத்தி, கூடவே நின்று சண்டை போட ஓர் ஆவியை அழைப்பது. ஆட்டத்தை உருவாக்கியவர்களே கொடுத்த வசதி. அதைப் பயன்படுத்தினால் வெற்றி செல்லாது என்ற எழுதாத சட்டம், ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்து ரசிகர்களிடையே ஓடிக்கொண்டிருக்கிறது. வாதத்துக்காகக்கூட இதை ஏற்க முடியாது. காரணம், இந்தச் சட்டத்தை நம்பி ஆடுபவர்கள் இந்த ஆட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களில் பலர் “நமக்கு இது செட் ஆகாது” என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஜப்பானின் ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25 அன்று வெளியான ஆட்டம் இது. இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி. 2025-க்குள் 3 கோடிப் பிரதிகள் விற்றாகிவிட்டது. அந்த 3 கோடியில் நாள் முழுக்க ஆடும் ஸ்ட்ரீமர்கள் ஒரு சிறு கூட்டம். மற்றவர்கள் வேலை முடிந்து, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம் என்று உட்காருபவர்கள். இவர்களுக்கு மெனுவில் ‘ஈஸி’, ‘நார்மல்’, ‘ஹார்ட்’ என்ற தேர்வு கிடையாது. அது வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மியாசாகி தரப்பு பலமுறை மறுப்பு சொல்லியிருக்கிறது.

ஆனால் தேர்வே இல்லையா என்றால், இருக்கிறது. அது மெனுவில் இல்லாமல் மண்ணில் புதைந்து கிடக்கிறது.

மார்கிட் கற்றுத்தரும் பாடம்

முதல் பெரிய சுவர் மார்கிட். ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் இந்த பாஸை நோக்கித்தான் ஆட்டத்தின் வழிகாட்டி வெளிச்சம் கை காட்டும். புதியவர்கள் அப்படியே நேராகப் போய் அடி வாங்குவார்கள். வெளிச்சம் கோட்டை இருக்கும் திசையைச் சொல்கிறதே தவிர, இப்போதே போ என்று சொல்லவில்லை. தெற்கே வீப்பிங் பெனின்சுலா என்று ஒரு முழு நிலப்பரப்பு இருக்கிறது. அங்கே சில மணி நேரம் சுற்றிவிட்டு வருபவருக்கு அதே மார்கிட் வேறு ஆளாகத் தெரிவார்.

இது போதாதென்று, அவரைச் சில நொடிகள் தரையோடு கட்டிப்போடும் விலங்கு ஒன்றை, பேட்சஸ் என்ற தில்லாலங்கடி வியாபாரி 5,000 ரூன்களுக்கு விற்கிறான். வாசலுக்கு வெளியே ரோஜியர் என்ற மந்திரவாதியை உதவிக்கு அழைக்கும் குறி தரையில் மின்னுகிறது. ஆவிகளை அழைக்கும் மணியை அதற்கு முன்பே எல்லே தேவாலயத்தில் ஒரு சூனியக்காரி இலவசமாகவே தந்துவிடுகிறாள்.

ஒரே ஒரு பாஸுக்கு இத்தனை வழி. இவையெல்லாம் தற்செயலாக அமைந்தவை என்று யாராவது சொன்னால் நம்புவது கஷ்டம். இணையம் வழியாக வேறொரு ஆட்டக்காரரை அழைத்தால் பாஸின் உயிர் அளவு கூடும். ஆவியை அழைத்தால் கூடாது. உருவாக்கியவர்கள் இரண்டையும் தனித்தனியாக யோசித்து, ஆவியைத் தனியாக ஆடுபவருக்கான துணையாகவே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

எண்கள் சொல்லும் கதை

பாஸிடம் திரும்பத் திரும்பச் சாகிறவர்கள் தங்கள் விரல்களைத்தான் முதலில் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பார்க்க வேண்டியது கேரக்டர் திரையை.

உயிர் அளவைத் தீர்மானிக்கும் ‘விகர்’ 10-ல் இருந்தால் 414 புள்ளி உயிர். 40-க்கு உயர்த்தினால் 1,450. 60-ல் 1,900. அதற்குப் பிறகு 99 வரை 39 லெவல்களைக் கொட்டினாலும் கிடைப்பது வெறும் 200 புள்ளி. ஆக, 40 வரை ஏற்றுவது கட்டாயம், ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்குள் 60-ஐத் தொடுவது நல்லது, அதற்கு மேல் வீண். ஆனால் நடப்பது என்ன? “அடி பலமா விழணும்” என்று எல்லா லெவலையும் வலிமையிலும் வேகத்திலும் போட்டுவிட்டு, விகர் 20-ஐ வைத்துக்கொண்டு ஒரே அடியில் சாகிறார்கள். ஒரே அடியில் சாகிறவரால் பாஸின் இரண்டாவது அடி எப்படி இருக்கும் என்று பார்க்கவே முடியாது. பார்க்காததை எப்படிக் கற்றுக்கொள்வது?

அடியின் பலம் லெவலைவிட ஆயுத மேம்பாட்டில்தான் அதிகம் ஏறும். சாதாரண ஆயுதங்கள் பிளஸ் 25 வரை, சிறப்பு ஆயுதங்கள் பிளஸ் 10 வரை போகும். அதற்கான கற்கள் சுரங்கங்களில் கிடைக்கும். ரூனுக்காக ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் ஒரே எதிரியைக் கொல்வதைவிட, ஒரு சுரங்கத்துக்குள் இருபது நிமிடம் போய்வருவது லாபம். சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளுவது கனமாகிவிடும் என்பதும் இதே வகை விஷயம். அழகான கவசத்துக்கு ஆசைப்பட்டு செத்தவர்கள் ஏராளம்.

பதறினால் போச்சு

இவ்வளவையும் சரிசெய்த பிறகுதான் விரல் விஷயம் வருகிறது. அதிலும் வேகத்துக்கு வேலை குறைவு.

மார்கிட் தன் கோலைத் தலைக்கு மேல் தூக்குவார். அடி விழ வேண்டிய நேரம் வரும், விழாது. அப்படியே நிற்பார். பதறிப்போய் உருண்டவர் எழுந்திருக்கும்போதுதான் கோல் இறங்கும். ஃபிரம் சாஃப்ட்வேரின் பழைய ஆட்டங்களில் பழகிய கைகளையே குறிவைத்து அமைத்த பொறி இது. ஓங்கும் கையைப் பார்த்து உருண்டால் மாட்டிக்கொள்வோம். கை இறங்கத் தொடங்குவதைப் பார்த்து உருள வேண்டும். பின்னால் உருளுவதைவிட, பாஸின் பக்கமாக, அவர் உடலை ஒட்டி உருளுவது பல நேரம் பாதுகாப்பானது. பயந்தவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். மருந்து குடிப்பதும் இப்படித்தான். கண்ணெதிரே குடித்தால் மார்கிட் கத்தியை வீசுவார். அவர் ஒரு நீண்ட தாக்குதலை முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் குடிக்க வேண்டும்.

அடுத்தது, திரையில் காட்டப்படாத ஒரு கணக்கு. ஒவ்வொரு பாஸுக்கும் நிதானம் என்று ஓர் அளவு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. குதித்து அடிக்கும் பலமான அடி, அழுத்திப் பிடித்து விடும் பலமான அடி, கேடயத்தில் தடுத்த அடுத்த கணம் கொடுக்கும் பதிலடி ஆகியவை இந்த நிதானத்தை வேகமாகக் குறைக்கும். தீர்ந்ததும் பாஸ் மண்டியிடுவார், ஒரு பெரிய அடி இலவசம். ஆனால் சில நொடிகள் அடிக்காமல் விட்டால் குறைந்தது மறுபடி நிரம்பத் தொடங்கிவிடும். அதனால்தான் ஓடி ஓடி, ஒரு அடி அடித்து, மறுபடி ஓடுபவருக்கு சண்டை பத்து நிமிடம் இழுக்கிறது. அருகிலேயே நிற்பவருக்கு மூன்று நிமிடத்தில் முடிகிறது.

தயாரிப்பில் சின்னச் சின்ன நுணுக்கங்களும் உண்டு. ‘கோல்டன் வவ்’, ‘ஃபிளேம், கிராண்ட் மீ ஸ்ட்ரெங்த்’ ஆகிய இரண்டு பலமூட்டும் மந்திரங்களும் வெவ்வேறு வகை என்பதால் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். ஒரே வகையில் இரண்டைப் போட்டால் முதலாவது அழிந்துவிடும். உறைபனிப் பாதிப்பு ஏறிய எதிரி 30 நொடிகளுக்கு 20 சதவீதம் கூடுதல் அடி வாங்குவார். அவர் மேல் நெருப்பு பட்டால் பனி கலைந்து, மறுபடி உறைய வைக்கலாம். பனி, நெருப்பு, மறுபடி பனி. இந்தச் சுழற்சியைப் பிடித்தவருக்குப் பெரிய உருவங்கள்கூட அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

எதிர்வாதத்தில் நியாயம் உண்டா?

கொஞ்சம் உண்டு. ஆவி பாஸின் கவனத்தை இழுத்துக்கொண்டால், பின்னால் நின்று அடிப்பவர் எதையும் கற்காமலேயே ஜெயித்துவிடலாம் என்பது உண்மை. ஆடுபவரின் நகலாகவே வந்து நிற்கும் ‘மிமிக் டியர்’ ஆரம்பத்தில் அநியாயத்துக்கு பலமாக இருந்தது. 2022 மார்ச்சில் அதன் அடியை நிறுவனமே குறைத்தது. கவனிக்க வேண்டியது, அதை நீக்கவில்லை, குறைத்தார்கள்.

அதோடு, துணை எப்போதும் துணையாக இருப்பதில்லை. மலேனியாவிடம் ஓர் ஆவிக் கூட்டத்தை அனுப்பினால், அந்த ஒவ்வோர் ஆவியின் மேல் விழும் அடியும் அவருக்குத்தான் மருந்து. கூட்டத்தை நம்பிப் போனவர் தனியாகப் போனவரைவிட மோசமாகத் தோற்பதுண்டு. எந்த ஆவியை, எந்த பாஸுக்கு, சண்டையின் எந்தக் கட்டத்தில் அழைப்பது என்பதே ஒரு கணக்கு. மிமிக் டியரை அழைக்கும் முன் தன் கைவசப் பொருள்களில் வேண்டாததைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு, நகலும் அதையே எடுத்து வீசி நேரத்தை வீணாக்கும் என்பதால். இவ்வளவு யோசிப்பவரைப் பார்த்து “திறமை இல்ல” என்பது என்ன நியாயம்?

2024 ஜூன் 21 அன்று வெளியான ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ இந்த விவாதத்தை இன்னும் தெளிவாக்கியது. லெவல் 150-ஐத் தாண்டியவர்கள், பழைய வீராப்போடு உள்ளே போய் இரண்டு அடியில் செத்தார்கள். ஸ்டீமில் புகார்கள் குவிந்தன. அந்த நிலத்தில் லெவலைவிட முக்கியம் ‘ஸ்கேடுட்ரீ’ துண்டுகள். ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் அவற்றைச் சேர்த்தால் 20 படி வரை ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் அடியும் கூடும், தாங்கும் சக்தியும் கூடும். பலர் அவற்றைத் தேடவே இல்லை. முட்டி மோதுவதுதான் வீரம் என்று பழகியிருந்தார்கள். வெளியீட்டாளரான பண்டாய் நாம்கோ, அந்தத் துண்டுகளைப் பயன்படுத்துங்கள் என்று சமூக வலைதளத்தில் நினைவூட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்குள் வந்த அப்டேட்டில் ஆரம்பப் படிகளின் பலனையும் கூட்டினார்கள்.

ஆட்டத்தின் மேலும் தப்பு உண்டு. இவ்வளவு முக்கியமானதை ஒரு சின்ன உரைப்பெட்டியில் சொல்லிவிட்டு நகர்வது குறைதான். மோக் என்ற பாஸ் சண்டை நடுவில் மூன்றிலிருந்து கீழ்நோக்கி எண்ணி, ஆடுபவரின் ரத்தத்தை உறிஞ்சித் தன் உயிரை ஏற்றிக்கொள்வார். அந்த பாதிப்பைப் பெருமளவு குறைக்கும் கண்ணீர்த்துளி ஒன்று, முற்றிலும் வேறோர் ஊரின் தேவாலயத்தில், ஒரு சண்டைக்குப் பிறகு கிடைக்கிறது. இணையத்தைப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிப்பவர் குறைவு. வழிகாட்டி வீடியோ பார்ப்பதையும் சிலர் ஏமாற்று வேலைப் பட்டியலில் சேர்ப்பது வேறு கொடுமை.

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் அதிகம் கொண்டாடப்பட்ட ஆட்டக்காரர் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். தலையில் ஒரு பானை, இடுப்பில் ஒரு துண்டு, கையில் இரண்டு வாள். ‘லெட் மீ சோலோ ஹெர்’ என்ற பெயரில் வந்த அவர், மலேனியாவிடம் மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால் போய், அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகவே முடித்துக் கொடுத்தார். ஆயிரம் முறைக்கு மேல். 2022-ல் பண்டாய் நாம்கோ அவருக்கு நிஜ வாள் ஒன்றைப் பரிசாக அனுப்பியது. அவரை அழைத்த அந்த ஆயிரம் பேரும் சம்மன் போட்டவர்கள்தான்.

இன்றைக்கு ஒரு பாஸிடம் சிக்கி நிற்பவருக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ராயா லூகேரியாவில் ரென்னாலாவை வென்ற பிறகு, ஒரு ‘லார்வல் டியர்’ கொடுத்தால் எல்லாப் புள்ளிகளையும் கழற்றி மறுபடி போடலாம். விகர் 20-ல் கிடந்தால் முதலில் அங்கே போவது உத்தமம்.