வண்டி போனாலும் உரிமை போவதில்லை

2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தில், தவணை பாக்கிக்காகக் கைப்பற்றப்பட்ட டிராக்டரின் சக்கரத்தில் சிக்கி விவசாயி ஒருவரின் கர்ப்பிணி மகள் உயிரிழந்தார். அதன் பின்னரே ரிசர்வ் வங்கி விழித்தது. வெளி முகவர்களைக் கொண்டு வசூலிக்க அந்த நிதி நிறுவனத்துக்குத் தடை விதித்தது. சில மாதங்களிலேயே தடை விலக்கப்பட்டது.

குண்டர்களை ஏவி வாகனங்களைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்தது. வலுக்கட்டாயப் பறிமுதல் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று 2023இல் பாட்னா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆட்டோக்களும் சரக்கு வண்டிகளும் நடுச்சாலையில் மறிக்கப்படுவது நின்றபாடில்லை.

பறித்ததோடு கொடுமை முடிவதில்லை. வண்டி அடிமாட்டு விலைக்கு ஏலம் போகிறது. பிழைப்பை இழந்த ஓட்டுநருக்கு மீதித் தொகை கேட்டு நோட்டீஸ் வருகிறது. பலர் இத்துடன் எல்லாம் போயிற்று என்று ஒடுங்கிவிடுகின்றனர். அது தவறு.

ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளின்படி, கைப்பற்றுவதற்கு முந்தைய அறிவிப்புக் காலம், விற்பனைக்கு முன் கடனை அடைக்க இறுதி வாய்ப்பு, வண்டியைத் திருப்பி ஒப்படைக்கும் முறை, ஏல நடைமுறை ஆகியவை நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். ஒப்பந்த நகல் கடனாளிக்குத் தரப்பட வேண்டும். ஏலத்தொகை பாக்கியைவிட மிகுந்தால், மிச்சம் கடனாளிக்கே உரியது. நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்டு 30 நாட்களில் பதில் வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

எனினும் இவ்விதிகளில் ஓட்டையும் உண்டு. அறிவிப்பின்றிக் கைப்பற்றும் சூழல்களை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவும் அவை இடமளிக்கின்றன. அந்த ஒப்பந்தத்தை எழுதுவது நிறுவனம். கையெழுத்திடுவது மட்டுமே ஓட்டுநர்.

பெருமுதலாளிக்கோ நீதி வேறு. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின்கீழ் ஒரு பெருநிறுவனத்தின் வழக்கு ஏற்கப்பட்டால், அந்நடைமுறை முடியும்வரை கடன் கொடுத்தவர் எவரும் அதன் சொத்தைக் கைப்பற்ற முடியாது. பல்லாயிரம் கோடி பாக்கிக்குச் சட்டக் கவசம். சில ஆயிரம் ரூபாய்த் தவணைக்கு நடுத்தெருவில் அவமானம்!

நீதிமன்ற ஆணையின்றி வாழ்வாதார வாகனங்களைக் கைப்பற்றுவதற்குத் தடை கோரி நாம் போராட வேண்டும். அதுவரை, வண்டியை இழந்தவரின் வீட்டுக்குச் செல்வோம். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வோம். ஏலக் கணக்கைக் கேட்டு முதல் கடிதத்தை எழுதித் தருவோம். தனியாக நிற்பவரைத்தான் அவர்கள் மிரட்டுகிறார்கள்.